வாட்ச்மேன் ரூம்

பனி காயாமல் பழத்தில் கை வைக்கக் கூடாது. ஆரஞ்சுத் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான். ஈரத்தோடு பறித்தால் கை பட்ட இடத்திலெல்லாம் தோலில் பழுப்புத் திட்டு விழும். வாங்குகிறவன் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் சீசன் முழுக்க, விடிந்து வெளுத்த பிறகும் ஆட்கள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் ஏணிகளை மரத்தில் சாய்த்துவிட்டு, சாக்கை விரித்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குளிருக்கு ஒருவரோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். மேஸ்திரி வந்து ஒரு இலையைத் தடவுவார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "இன்னும் இல்ல" என்று போய்விடுவார். காத்திருக்கிற அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. "மரம் காயிற நேரத்துக்கு மரத்துக்கிட்டதான் கூலி கேட்கணும்" என்று அவரே ஒரு ஜோக்கும் அடிப்பார். முதல் வருஷம் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

உச்சிக்கு மட்டும் அந்த நேரம் பிடிக்கும். காலிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு டிராக்டர் வருகிற நேரம் அது. ஓட்டுவது அவள் புருஷன்.

உச்சி என்பது அவள் பெற்றோர் வைத்த பேரில்லை. வந்த புதிதில் ஏணியின் கடைசிப் படியில் நின்று, ஒரு கையால் கிளையை வளைத்து, மற்றவர்கள் போனால் போகிறது என்று விட்ட பழத்தையெல்லாம் அவள் கத்தரித்துப் பையில் போடுவதைப் பார்த்து, "இது என்னடி, உச்சியிலயே குடி இருக்குது!" என்றாள் பெரியக்கா. பெண்கள் கொட்டகையில் வயதில் மூத்தவளும் அடுப்பைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான். அவள் வாயில் விழுந்தால் அதுதான் பேர். 

டிராக்டர் அவள் வரிசைக்கு வந்ததும் வேகம் குறையும். அவன் இறங்கிப் பெட்டிகளை அடுக்குவான். அதிகம் பேசுகிறவன் இல்லை. 

"சாப்பிட்டியா?"

"ம். நீங்க?"

"ஆச்சு."

"இருமல் எப்படி?"

"பரவால்ல."

இதற்குள் மேஸ்திரி எங்கிருந்தாவது கைதட்டுவார். அவன் ஏறிப் போய்விடுவான். சாக்கில் உட்கார்ந்திருக்கிற பெண்கள், "ஏண்டி, இன்னைக்கு ரெண்டு வார்த்தை அதிகமா பேசிட்டாரு போலிருக்கே, உடம்புக்கு ஆகுமா?" என்பார்கள். 

தோட்டத்தின் தாழ்ந்த பக்கம், வாய்க்கால் ஓரம் பெண்கள் கொட்டகை. மேட்டில், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஆண்கள் கொட்டகை. நடுவில் பேக்கிங் ஷெட். இந்தக் கொட்டகைக்கு அவன் வரக் கூடாது, அந்தக் கொட்டகைக்கு இவள் போகக் கூடாது. மேஸ்திரி போட்ட சட்டம் அது. கட்டினவர்கள், கட்டாதவர்கள் என்ற பாகுபாடு சட்டத்தில் இல்லை. மேஸ்திரி கூட்டி வந்த கும்பலில் இவர்களைப் போல இன்னும் இரண்டு ஜோடி இருந்தார்கள். எடைபோடுகிறவரும் அவர் மனைவியும் ஒன்று. கல்யாணமான கையோடு வந்து சேர்ந்த புதுப்பொண்ணும் அவள் புருஷனும் இன்னொன்று. எல்லாருக்கும் ஒரே சட்டம்.

சீசன் முடிந்து ஊருக்குப் போனால் மட்டும் சேர்ந்து வாழ முடிகிறதா என்றால், அங்கேயும் ஒரே கூடம்தான். அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், மாமியார், எல்லாருக்கும் அதில்தான் படுக்கை. புரண்டு படுத்தால் பிள்ளைகள் முழித்துக்கொள்ளும். இந்த லட்சணத்தில் மாமியார் ஃபோன் பண்ணும்போதெல்லாம் கடைசியில் ஒரு கேள்வி கேட்பாள்: "ஏதாவது விசேஷம் உண்டா?" 

"ஒண்ணும் இல்லீங்க அத்தை" என்பாள் உச்சி. ஃபோனை வைத்த பிறகு பெரியக்காவிடம் எரிந்து விழுவாள். "விசேஷமாம் விசேஷம்! பஸ் ஸ்டாண்டுல விசேஷம் நடக்குமாக்கா?"

பஸ் ஸ்டாண்டு விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வேலை கிடையாது. இருவரும் குளித்து, துவைத்த துணி உடுத்தி, கடைத்தெருவுக்கு நடந்து போவார்கள். சோப்பு, எண்ணெய், அவனுக்கு இருமல் மருந்து என்று வாங்க வேண்டியதை வாங்குவார்கள். அப்புறம் போக்கிடம் இல்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கே யாரும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கமாட்டார்கள். பஸ்கள் வரும், போகும். கண்டக்டர் ஒருவர் இவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகி, "இன்னைக்கும் ஏறலியா?" என்று சிரிப்பார். அவள் தோள் அவன் தோளில் படும்படி உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பேக்கிங் ஷெட் வந்ததும் அவன் மேட்டுக்கு, அவள் பள்ளத்துக்கு.

அந்த வருஷம் பறிப்பு பாதி நடந்துகொண்டிருந்தபோது தோட்டத்து வாட்ச்மேன், மகன் கூப்பிட்டான் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் இருந்த அறை பேக்கிங் ஷெட்டுக்குப் பின்னால். பெட்டி கழுவப் போனபோது கதவு திறந்து கிடந்ததை உச்சி பார்த்தாள். ஒரு ஜன்னல். துணி மாட்ட ஒரு கொக்கி. மூலையில் ஒரு குழாயும் சின்னத் தொட்டியும். சுவரில் வாட்ச்மேன் தலை சாய்த்த இடத்தில் எண்ணெய்க் கறை. கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். அது துருப்பிடித்துக் கிறீச்சிட்டது. உடனே திறந்துகொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று பயந்து வெளியே வந்தாள். அன்றைக்கு மத்தியானம் சோறும் பருப்பும் வாயில் போனதே அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் அவனிடம் சொன்னாள்.

"கேட்டுப் பார்க்கலாங்க."

"யாரை?"

"மேஸ்திரியைத்தான்."

ஒரு பஸ் கிளம்பிப் போனது. "வேண்டாம்மா. இருக்கிறதும் போயிடும்."

"கேட்டா என்ன, நாக்கா தேய்ஞ்சிடும்?"

"நாக்கு தேயாது. அந்த ஆளுக்கு மனசு கோணிடும். அடுத்த சீசனுக்குக் கூப்பிடமாட்டான். நம்மளைச் சேர்த்துக் கூப்பிடறதே பெரிய விஷயம். பல பேரு புருஷன் ஒரு ஊரு, பொண்டாட்டி ஒரு ஊருன்னு கிடக்கறாங்க."

"இப்ப மட்டும் என்ன, நாம ஒரே ஊர்லயா கிடக்கறோம்?" என்றாள். "நீங்க மேட்டூரு, நான் பள்ளத்தூரு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல் வரும்; இருமினான். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நாலு பேர் பார்க்கிற இடம் என்று கையை எடுத்துக்கொண்டாள்.

அவன் சொன்னதையும் மீறி அவள் மேஸ்திரியிடம் கேட்டாள். ஏணியில் நின்றபடியே கேட்டாள், கீழே நின்றிருந்தால் தைரியம் வந்திருக்காது.

மேஸ்திரி முதலில் காதில் சரியாக விழாதவர்போல அண்ணாந்து பார்த்தார். அப்புறம் சிரித்தார். "ஏம்மா, இது என்ன லாட்ஜா? உனக்குக் குடுத்தா இன்னொருத்தி கேப்பா. அவளுக்குக் குடுத்தா கல்யாணம் ஆகாதவன், எனக்கும் ஒரு ரூம் குடு, பொண்ணு பார்த்துக்கறேம்பான். வேலைக்கு வந்தோமா, பறிச்சோமான்னு இரு."

"குடித்தனமும் இருக்கணும் இல்லீங்களா?"

"குடித்தனத்தை ஊர்ல போய் வச்சுக்கோ."

அன்றைக்கே வாட்ச்மேன் ரூமுக்குப் பூட்டு விழுந்தது. விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். மேஸ்திரி மனதில் வைத்துக்கொள்கிற ஆள். மூன்றாம் நாள் காலையில் காலிப் பெட்டிகளோடு வந்த டிராக்டரை எடைக்காரர் ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கும்போதே முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

"அவரு எங்கண்ணே?"

"மலைப்பக்கத்துத் தக்காளித் தோட்டத்துக்கு டிரைவர் வேணும்னு விடியறதுக்கு முன்னாடியே லாரியில ஏத்தி அனுப்பிட்டாரும்மா. உன்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்னு கேட்டான். லாரி நிக்காதுன்னுட்டாரு. இந்தா, இதைக் குடுக்கச் சொன்னான்."

குளிருக்கு அவன் போட்டிருந்த கம்பளிச் சட்டை. மடித்துக்கூடக் கொடுக்க நேரமில்லாமல், கழற்றிச் சுருட்டின மாதிரியே இருந்தது. மலைப்பக்கம்தான் இங்கேயைவிடக் குளிர். மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று அவள் வாய்விட்டே திட்டினாள். திட்டிக்கொண்டே அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். டீசல் வாசமும் அவன் வாசமும் கலந்து வந்தது. பெண்கள் யாரும் கிண்டல் பண்ணவில்லை.

அவள் மரம் ஏறினாள். வேறென்ன செய்வது? கத்தரி தன்பாட்டுக்குக் காம்பை வெட்டியது. ஏணியின் உச்சிப் படியில் நின்று பார்த்தால் தூரத்தில் மலை தெரியும். இத்தனை நாளும் அதை மலை என்று பார்த்ததேயில்லை, மழை வருமா வராதா என்று பார்க்கிற இடம் அவ்வளவே. இப்போது பையை நிரப்புவதற்குள் பத்துத் தடவை பார்த்தாள். அவன் ஓட்டுகிற வண்டியின் தூசியாவது தெரியுமா என்று பார்த்தாள். மலை இருந்த இடத்தில் மலைதான் இருந்தது.

சாயங்காலம் ஃபோன் வரும். மலைப்பக்கம் சிக்னல் விட்டு விட்டுக் கிடைக்கும்.

"அங்க எங்க படுக்கறீங்க?"

"உரமூட்டை வைக்கிற இடம். நாத்தம் கொஞ்சம் இருக்கு. பழகிடும்."

"கம்பளிச் சட்டையை ஏன் குடுத்து விட்டீங்க?"

"உனக்குத்தான் காலைல குளிருமே, பனியில உக்காந்திருப்பியே."

"உங்க இருமல்?"

அதற்குள் சிக்னல் போய்விடும். பதில் தெரியாத கேள்வியோடு அவள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் மேட்டில் நிற்பாள். பெரியக்கா அடுப்பிலிருந்து கூப்பிடுவாள். "வாடி, சோறு ஆறுது. நீ சாப்பிடாம கிடந்தா அவன் இருமல் நின்னுடுமா?"

கொட்டகையில் சிலர் அவள் மேல் கோபமாகவும் இருந்தார்கள். எடைக்காரர் மனைவி நேருக்கு நேராகவே சொன்னாள். "சும்மா கிடந்த சங்கை ஊதிட்டியேடி. இப்ப எங்க வீட்டாளை எப்பத் தூக்கி அனுப்புவானோன்னு எனக்கு ராத்திரி தூக்கமில்ல." அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

தோட்டத்துக்குச் சொந்தக்காரி ஒரு அம்மாள். தோட்டத்தம்மா என்பார்கள். பெரிய வீட்டில் இருப்பாள். தினம் ஒரு தடவை பேக்கிங் ஷெட்டுக்கு வந்து பழத்தை உருட்டிப் பார்ப்பாள். ஆட்களோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. கெட்டவள் என்று சொல்ல முடியாது. கும்பலில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்தனுப்புவாள், அதுவும் மேஸ்திரி கையில். எல்லாமே மேஸ்திரி வழியாகத்தான் போகும், வரும்.

உச்சி ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நேராக ஷெட்டுக்குப் போய் அவள் முன்னால் நின்றாள்.

"அம்மா, என் வீட்டுக்காரரை மலைப்பக்கம் அனுப்பிட்டாங்க. திருப்பிக் கூப்பிடணும்."

தோட்டத்தம்மா கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள். "யாரு? டிராக்டர் ஓட்டுவாரே, அவரா? நல்லா ஓட்டுவாரே. ஏன் அனுப்பினாங்க?"

"வாட்ச்மேன் ரூமைக் கேட்டேன். அதான்."

அந்த அம்மாளுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. வாட்ச்மேன் ரூம் காலியாக இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இங்க பாரும்மா. ஆட்களை வைக்கிறது, அனுப்பறது, தங்க வைக்கிறது எல்லாம் மேஸ்திரி பொறுப்பு. அவர்கிட்டதான் நான் வேலையை ஒப்படைச்சிருக்கேன். நான் உங்களை வேலைக்கு வைக்கல, புரியுதா?"

"மேஸ்திரியைக் கேட்டா, தோட்டம் அவங்களுது, கொட்டகை அவங்க கட்டினது, நான் என்ன பண்றதுன்னு சொல்றாருங்க."

"அது…"

"அப்ப நான் யாருக்கும்மா வேலை செய்யறேன்?"

அவள் குரலை உயர்த்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டாள். தோட்டத்தம்மா கீழே வைத்த பழத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். "பார்க்கறேன். போய்ச் சாப்பிடு" என்றாள். அன்றும் மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை. மேஸ்திரி மட்டும் ஒரு தடவை மரத்தடியில் நின்று, "நேரா மேலிடத்துக்கே போற அளவுக்கு வந்துட்டே. இந்த சீசனோட உனக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் பெரியக்கா. மறுநாள் காலை மேஸ்திரி வந்து இலையைத் தடவி, "காஞ்சிடுச்சு, ஏறுங்க" என்றார். உச்சி பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களும் எழப் போனார்கள். பெரியக்கா மட்டும் சாக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, கால் மரத்துப் போச்சா?" என்றார் மேஸ்திரி.

"காலு நல்லாதான் இருக்கு. மனசுதான் எழ மாட்டேங்குது."

"விளையாடாதீங்க. லாரி வந்து நிக்குது."

"நிக்கட்டும். நாங்க தினம் மரத்துக்காக உக்காந்திருக்கோம். இன்னைக்கு லாரி எங்களுக்காக நிக்கட்டுமே. அந்தப் பையனைக் கூட்டிக்கிட்டு வாங்க, அந்த ரூமைத் திறந்து விடுங்க. ஏறுறோம்."

பெரியக்காவுக்குப் புருஷன் இல்லை. அறை கிடைத்தாலும் அவளுக்கு அதில் பங்கு இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். புதுப்பொண்ணு எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். எடைக்காரர் மனைவி மேஸ்திரியைப் பார்த்தாள், உச்சியைப் பார்த்தாள், மாட்டின பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். உச்சிக்கு நடப்பது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அவள்தான் கடைசியாக உட்கார்ந்தாள். 

மேஸ்திரி கத்தினார். அப்புறம் கெஞ்சினார். அப்புறம் ஃபோனில் யாரையோ கூப்பிட்டு, வேறு ஆட்கள் கிடைப்பார்களா என்று கேட்டார். சீசன் நடுவில் யார் கிடைப்பார்கள்? லாரிக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தார். வெயில் ஏறிய பிறகு தோட்டத்தம்மாவே வரிசைக்குள் நடந்து வந்தாள். பறிக்கிற இடத்துக்கு அவள் வந்து யாரும் பார்த்ததில்லை. புடவைத் தலைப்பு கிளையில் மாட்டிக்கொண்டது, புதுப்பொண்ணு எழுந்து எடுத்துவிட்டாள். 

"இப்ப பறிக்கலேன்னா பழம் மரத்துலயே தோல் சுளையை விட்டுத் தளர்ந்துடும். தெரியும் இல்ல?"

"தெரியும்மா" என்றாள் பெரியக்கா.

"இந்த வருஷம் முடியட்டும். அடுத்த வருஷம் நல்லபடியா ஒரு ஏற்பாடு பண்றேன்."

"வருஷம் உங்களைத் தேடித் திரும்பி வரும்மா. தோட்டம் இங்கயேதானே இருக்கு. எங்களை எந்தத் திசையில கொண்டு போய் இறக்குவாங்கன்னு எங்களுக்கே தெரியாது."

தோட்டத்தம்மா பழம் தொங்கிய கிளைகளைப் பார்த்தாள். சாக்கில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக, இப்போதுதான் பார்க்கிறவள்போல. இரக்கம் வந்ததா, லாரி நின்றதால் வந்த எரிச்சலா, யார் கண்டது? இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றி, எறிகிற மாதிரி பெரியக்கா மடியில் போட்டாள். 

"ரூம் ஒண்ணுதான் இருக்கு. ஜோடி மூணு. உங்களுக்குள்ள அடிச்சுக்காம இருங்க. அந்த ஆளைப் பத்தி மேஸ்திரிகிட்ட சொல்றேன். அந்தத் தோட்டத்துக்காரர் விடணும், அது என் கையில இல்ல."

அடித்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு வாரம் என்று அன்றைக்கே மரத்தின் மேலிருந்தபடி பேசித் தீர்த்துக்கொண்டார்கள். முதல் வாரம் உச்சிக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். "ஆள் இல்லாம நான் போய் அங்க யாரைக் கட்டிக்கிட்டு அழறது? புதுப்பொண்ணு போகட்டும்" என்றாள் அவள். புதுப்பொண்ணு வெட்கத்தில் ஏணியிலிருந்து விழப் பார்த்தாள். 

சாயங்காலம் உச்சிதான் அறையைக் கழுவிவிட்டாள். சுவரிலிருந்த எண்ணெய்க் கறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாள். கழுவின தரை காய்கிறவரை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிறருக்குப் பந்தி விரித்துவிட்டு இலை ஓரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. புதுப்பொண்ணு ஒரு பாயும் ஒரு பையுமாகத் தலை குனிந்து வந்தாள். "போ, போ. உள்ள போய்த் தாழ்ப்பாளைப் போடு. இப்ப சத்தம் போடாது" என்று உச்சி எழுந்து வந்துவிட்டாள்.

இரண்டாவது வாரம் எடைக்காரர் குடும்பம். அந்த வாரம் முழுக்க அந்த அறையிலிருந்து சண்டைதான் கேட்டது. பாத்திரம் உருண்டது. என்றைக்கோ அவர் தங்கச்சி கல்யாணத்தில் நடந்த பேச்சு வரைக்கும் வெளியே வந்தது. காலையில் எடைக்காரர் மனைவி தொண்டை கட்டி, முகம் மட்டும் குளித்த மாதிரித் தெளிவாக வந்து நின்றாள்.

"ஏண்டி, சண்டை போடவா ரூம் வாங்கினோம்?" என்றாள் பெரியக்கா.

"அக்கா, இத்தனை வருஷமா எங்கக்கா சண்டை போட முடிஞ்சுது? எல்லாத்தையும் முழுங்கி முழுங்கி வச்சிருந்தேன். சண்டை போடவும் ஒரு கதவு வேணும்க்கா."

கும்பல் முழுக்கச் சிரித்தது. உச்சியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மலையைப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் அவளுக்கு. அவன் வரவில்லை. மேஸ்திரி, "சொல்லியிருக்கேன், சொல்லியிருக்கேன்" என்றாரே தவிர, சொன்னாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். அறையைச் சும்மா பூட்டிப் போட வேண்டாம் என்று பெரியக்கா வற்புறுத்தி அவளை அங்கே அனுப்பினாள். சாயங்காலம் ஃபோன் வந்தது. ஷெட்டுப் பக்கம் சிக்னல் கொஞ்சம் பரவாயில்லை.

"எங்க இருக்கே?"

"நம்ம ரூம்ல."

அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்டது.

"எப்படி இருக்கு?" என்றான்.

"சின்னதுதான். ரெண்டு பேரு படுத்தா சரியா இருக்கும்."

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

"மரத்துப் பக்கம். காத்து வருது."

"தலையை ஜன்னல் பக்கம் வைக்காதே. பனி இறங்கும்."

"சரி."

"அடுப்பு வைக்க இடம் இருக்கா?"

"குழாய்கிட்ட வச்சுக்கலாம். எதுக்கு, பெரியக்காதான் எல்லாருக்கும் ஆக்கறாங்களே?"

"டீ போட்டுக்கலாம் இல்ல. நமக்குன்னு."

நமக்குன்னு என்று அவளும் ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இவ்வளவு பேசி அவனை அவள் கேட்டதே இல்லை. செருப்பை எங்கே விடுவது, கயிறு எங்கிருந்து எங்கே கட்டுவது என்று ஒவ்வொன்றாக அவன் கேட்க, இவள் சொல்ல, வெறும் அறையில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வீடு வந்து நின்றது. பிறகு சிக்னல் போனது. அவன் சொன்ன இடத்தில் அவள் கயிறு கட்டினாள். கம்பளிச் சட்டையைத் துவைத்து அதில் போட்டாள். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. வாரம் தேய்ந்துகொண்டே வந்தது. மரங்களில் பழமும் குறைந்துகொண்டே வந்தது. இதற்கு மேல் இன்னொரு சுற்று வராது என்று எல்லாருக்கும் தெரியும். மற்ற இரண்டு பேரும் வந்து, "எங்க முறை எல்லாம் ஆச்சு, மிச்ச நாளும் நீயே வச்சுக்கோ" என்றார்கள். "எதை வச்சுக்கறது, பூட்டையா?" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அறை வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பேக்கிங் ஷெட் திருப்பத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். தலையெல்லாம் தூசி, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வாசல் கேட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவன் அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்காமல், இந்தப் பக்கம் வந்தால் யாராவது கைதட்டிவிடுவார்களோ என்பதுபோல நின்றான்.

துண்டு அவள் கையிலிருந்து விழுந்தது.

"ஏன் அங்கயே நிக்கறீங்க?"

"வரலாமா?" என்றான்.

"நம்ம ரூம்தாங்க."

அவன் வந்தான். செருப்பை ஃபோனில் சொன்ன இடத்தில் விட்டான். உள்ளே வந்து நடுவில் நின்று சுற்றிப் பார்த்தான். கயிறைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். இருமினான். அவள் தண்ணீர் கொடுத்தாள். 

"எப்படி விட்டாங்க? மேஸ்திரி சொன்னாரா?"

"அவன் எங்க சொன்னான். நான்தான் கேட்டேன்."

"நீங்களா!"

"ம். தக்காளித் தோட்டத்துக்காரர்கிட்ட போய், நான் பழைய தோட்டத்துக்கே திரும்பணும்னேன். மேஸ்திரியைக் கேளுன்னாரு. உங்க டிராக்டரைத்தானே ஓட்டறேன், மேஸ்திரி டிராக்டரையா ஓட்டறேன், நீங்களே சொல்லுங்கன்னு கேட்டேன்." சொல்லிவிட்டு அவனுக்கே நம்பிக்கை வராததுபோலச் சிரித்தான். "அவரு என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, போய்க்கோன்னுட்டாரு. அடுத்த சீசன் அங்கயும் கூப்பிடமாட்டாங்க, இங்கயும் கூப்பிடமாட்டாங்க. தக்காளி லாரியில ஏறி வந்துட்டேன்."

"கூப்பிடலேன்னா போகட்டும். கூப்பிடற இடத்துல முதல்ல கதவு இருக்கான்னு கேட்டுட்டு ஏறுவோம்."

அவள் டீ போடக் குழாயடிக்குப் போனாள். பெரியக்காவிடம் கேட்டு ஒரு சின்ன அடுப்பும் இரண்டு டம்ளரும் முந்தின நாளே வாங்கி வைத்திருந்தாள், வந்தாலும் வராவிட்டாலும் இருக்கட்டும் என்று. சர்க்கரை போட்டுக் கலக்கித் திரும்பினால், அவன் சுவரில் சாய்ந்தவாக்கில் தூங்கிவிட்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் எழுப்பவில்லை. மெதுவாகப் பாயில் சரித்துப் படுக்க வைத்து, தலையை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வைத்தாள். கம்பளிச் சட்டையை எடுத்துப் போர்த்தினாள். குறட்டை விட்டான். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இந்த மனுஷன் குறட்டை விடுவான் என்பது அவளுக்குத் தெரியாது. ஊர்க் கூடத்தில் எத்தனையோ குறட்டைகள், அதில் எது இவனுடையது என்று யார் கண்டது. பக்கத்தில் உட்கார்ந்து, தன் டீயையும் அவன் டீயையும் குடித்தாள். 

வெளியே மண்ணில் யாரோ வேகமாக நடந்து வருகிற சத்தம். மேஸ்திரி.

"எங்க அவன்? வந்துட்டானாமே! எடைக்காரன் டிரெய்லரைக் கொண்டு போய் வாய்க்கால்ல சாய்ச்சு வச்சிருக்கான். உடனே வரச் சொல்லு!"

உச்சி எழுந்தாள். ஈரத் தலையை முடிந்துகொண்டாள். வாசல் நிலையில் கை வைத்து நின்றாள்.

"அவர் உள்ள தூங்கறாருங்க."

"தூங்கறானா? எழுப்பு!"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எழுந்ததும் சொல்றேன்" என்றாள். வீட்டு வாசலில் நின்று இப்படி அவள் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறாள், பக்கத்து வீட்டு அக்காக்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள், அவள் மட்டும் இதுவரை யாரிடமும் சொல்ல வாய்க்கவில்லை. "நீங்க போயிட்டு அப்புறமா வாங்க."

சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.